காயத்துக்கும் வயது உண்டு: அலெக்சிஸ் கரெலின் கதை

இந்த வருடம் மாசி மாதம் என் இடது காலின் முனையில் ஒரு புண் வந்தது. 2009 இல் செல் அடியில் முழங்காலுக்குக் கீழே போன கால் அது. செயற்கைக் கால் உரசியதால் வந்த, ஒரு ரூபாய்க் குற்றியளவான சின்னப் புண். முன்பும் பல தடவைகள் வந்திருக்கிறது. காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கிழமை வீட்டில் இருந்தால் காய்ந்துவிடும். இந்தத் தடவை மூன்று மாதங்கள் எடுத்தது.

மருந்து கட்டிய தாதி எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வயதைக் கேட்டார். 47 என்றேன். இளம் வயதில் ஆறியது போல இனி ஆறாது அண்ணை என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது பழைய நாளொன்றை நினைவூட்டியது. நான் காயப்பட்ட அன்று, அதே செல்லில் பக்கத்துப் பங்கருக்குள் இருந்த 11 வயதுப் பையனும் கையில் காயப்பட்டான். இருவருக்கும் ஒரே சீலையைக் கிழித்துத்தான் கட்டினார்கள். மருந்து இருவருக்குமே போதவில்லை. அவனுடைய காயம் மூடி, அவன் தண்ணீர் வரிசைக்குப் போகத் தொடங்கிய நேரத்திலும் என்னுடையது வாய் பிளந்தபடியே இருந்தது. பிள்ளைகளுக்குக் கடவுள் தனியாக மருந்து வைத்திருக்கிறார் என்று அவனுடைய அம்மம்மா சொன்னார். எனக்கு அப்போது 31 வயது. கிழவன் என்று நினைக்கும் வயதல்ல.

புண்ணோடு வீட்டில் இருந்த மூன்று மாதங்களில் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். நூறு வருடங்களுக்கு முன்பு, வேறொரு யுத்தத்தில், இதே விடயத்தை ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் அளந்து பார்த்திருக்கிறார். அவருடைய பெயர் அலெக்சிஸ் கரெல். காயம் ஆறும் வேகம் வயதோடு குறைகிறது என்பதை எண்களில் காட்டிய குழுவின் தலைவர் அவர். உடலின் கலங்களுக்கு முதுமையே கிடையாது என்று உலகத்தை நம்பவைத்தவரும் அவரேதான். பிற்காலத்தில் சில மனிதர்கள் வாழத் தேவையில்லை என்று எழுதியவரும் அவர்தான். இந்த மூன்றும் ஒரே மனிதருக்குள் எப்படி இருந்தன என்பதால்தான் அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். உடலைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய உயிர் அலகை நாங்கள் பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோம். இந்தியப் புத்தகங்களில் செல் என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் செல் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே கலம் என்றே எழுதுகிறேன்.

பூத்தையல் படித்த மாணவன்

கரெல் 1873 ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரத்துக்கு அருகே பிறந்தார். லியோன் பட்டு நெசவுக்குப் பெயர்போன நகரம். சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, தாய் வளர்த்தார்.

அவர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 1894 ஆனி மாதத்தில், லியோனுக்கு வந்திருந்த பிரான்ஸ் ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகும் பெரிய நாளம் வெட்டுப்பட்டிருந்தது. நாட்டின் ஜனாதிபதி, சுற்றிலும் சிறந்த வைத்தியர்கள். ஆனாலும் அந்த இரத்தக்குழாயைத் தைக்க யாராலும் முடியவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் இரத்தக்குழாய்களைத் தைத்தால் ஊசித் துளையால் இரத்தம் கசியும், அல்லது உள்ளே உறைந்து அடைத்துவிடும்.

ஒரு குழாயைத் தைக்க முடியாததால் ஒரு மனிதன் சாவதா என்ற கேள்வி இளம் கரெலைப் பிடித்துக்கொண்டது. அவர் போய்ப் பாடம் கேட்டது பேராசிரியர் ஒருவரிடம் அல்ல. லியோனில் பூத்தையல் செய்துவந்த லெருடியே என்ற பெண்ணிடம் மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினார். நூலுக்கு வாசலின் பூசினார். குழாயின் வட்டமான வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகும். பிறகு நேர்கோட்டில் தைத்துக்கொண்டு போகலாம். இந்த முறையை 1902 இல் வெளியிட்டார்.

அதே வருடம் லூர்து மாதா திருத்தலத்தில், சாகும் நிலையில் இருந்த ஒரு பெண் குணமானதைக் கண்டதாகச் சொன்னார். அது லியோனின் மருத்துவ வட்டாரத்தில் அவருக்கு எதிர்ப்பைக் கொண்டுவந்தது. வேண்டிய பதவி கிடைக்காமல் 1904 இல் ஊரை விட்டுக் கனடாவுக்குப் போனார். அங்கிருந்து சிக்காகோவுக்கும், 1906 இல் நியூயோர்க்கில் உள்ள ரொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கும் போனார்.

1908 இல் நியூயோர்க்கில் ஒரு வைத்தியரின், பிறந்து சில நாட்களேயான பெண் குழந்தை இரத்தப்போக்கால் செத்துக்கொண்டிருந்தது. கரெல் தந்தையின் கை நாடியைக் குழந்தையின் கால் நாளத்தோடு நேரடியாகத் தைத்து இணைத்தார். தந்தையின் இரத்தம் குழந்தைக்குள் ஓடியது. குழந்தை பிழைத்தது. இன்று சிறுநீரக நோயாளருக்கு இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கிறார்களே, அதன் வேரும் இந்தத் தையலில்தான் இருக்கிறது. 1912 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சாகாத கோழி இதயம்

அந்தப் பரிசு கிடைத்த வருடத்தின் தொடக்கத்தில், தை 17 ஆம் திகதி, அவர் இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தார். கோழிக்குஞ்சுக் கருவின் இதயத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வளர்க்க ஆரம்பித்தார். சில நாட்களுக்கு ஒரு தடவை அதைக் கழுவி, பெருகிய பகுதியை வெட்டி நீக்கி, புதிய ஊட்டத் திரவத்தில் வைப்பார்கள். அந்தத் திரவத்தில் கோழிக் கருவிலிருந்து பிழிந்தெடுத்த சாறும் சேர்க்கப்பட்டது. உதவியாளர் அல்பேர்ட் எபெலிங் அந்த வளர்ப்பைப் பல வருடங்கள் கவனித்துக்கொண்டார். கண்கூச்சம் இல்லாமல் வேலை செய்வதற்காகச் சுவர்களுக்குக் கறுப்பு நிறம் பூசி, கறுப்பு அங்கி அணிந்து வேலை செய்தார்கள்.

கலங்கள் சாகவில்லை. ஒரு கோழி வாழும் காலத்தையும் தாண்டிப் பெருகிக்கொண்டே இருந்தன. நியூயோர்க்கின் பத்திரிகைகள் அந்த இதயத் துண்டின் பிறந்தநாளைச் செய்தியாக்கின. கரெல் வந்த முடிவு இதுதான்: கலத்துக்கு இயல்பாக முதுமை இல்லை, சரியான உணவும் சுத்தமும் கொடுத்தால் அது என்றென்றும் வாழும்.

நோபல் பரிசு பெற்றவர் சொன்னதை யார் மறுப்பார்கள்? மற்ற ஆய்வுகூடங்களில் கலங்கள் செத்துப்போனால், தங்கள் பராமரிப்பில்தான் பிழை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கொம்பியேன் வைத்தியசாலை

1914 இல் முதலாம் உலக யுத்தம் வந்தது. கரெல் பிரான்சின் இராணுவ மருத்துவ சேவைக்குள் வந்தார். போர்முனைக்கு அருகே கொம்பியேன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் வைத்தியசாலையாக மாற்றப்பட்டு அவருடைய பொறுப்பில் விடப்பட்டது. அவருடைய மனைவி ஆன் அங்கே தாதியாக வேலை செய்தார்.

செல் துண்டுகள் சேற்றையும் துணியையும் சதைக்குள் கொண்டுபோயிருந்தன. காயத்தை விட, காயத்தில் பிடித்த கிருமிதான் அதிகம் பேரைக் கொன்றது. கையையும் காலையும் வெட்டுவதுதான் வழமையான தீர்வு. இதை நான் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். எங்களில் பலருக்கு அந்த வைத்தியசாலையின் மணமே தெரியும்.

ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் கரெலோடு சேர்ந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பொருட்களைச் சோதித்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டின் 0.5 வீதக் கரைசலை, தோலை எரிக்காதபடி பதப்படுத்தித் தயாரித்தார். எங்கள் கிணறுகளுக்குப் போடும் குளோரின் தூளுக்கு நெருங்கிய உறவுள்ள பொருள் அது. துளையிட்ட இறப்பர்க் குழாய்களைக் காயத்தின் அடிவரை விட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கழுவினார்கள். காயத்திலிருந்து எடுத்த துளியில் கிருமிகளை நுணுக்குக்காட்டியால் எண்ணினார்கள். எண்ணிக்கை குறைந்த பிறகே காயத்தை மூடித் தைத்தார்கள். பல கைகளும் கால்களும் வெட்டப்படாமல் தப்பின. (வீட்டில் குளோரினைக் கரைத்து இதைச் செய்துபார்க்க வேண்டாம். அளவு தவறினால் சதையையே எரித்துவிடும்.)

இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. பியேர் லெகொம்ட் டு நொய் என்ற இளம் அதிகாரி, கரெலின் தூண்டுதலில், காயங்களை அளக்கத் தொடங்கினார். காயத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து விளிம்பை வரைந்து, பரப்பளவைக் கணித்து, சில நாட்கள் விட்டு மறுபடியும் வரைந்தார்கள். கிருமி இல்லாத காயம் ஒரு ஒழுங்கில் சுருங்குவது தெரிந்தது. எந்த நாளில் மூடும் என்று முன்கூட்டியே சொல்லக்கூட முடிந்தது. அந்தக் கணக்குக்கு இரண்டு விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று காயத்தின் பரப்பு. மற்றது காயப்பட்டவரின் வயது. ஒரே அளவான காயம் 20 வயதுக்காரருக்கு ஆறும் வேகத்தில் 40 வயதுக்காரருக்கு ஆறவில்லை.

பங்கருக்குள் அந்த அம்மம்மா கண்ணால் கண்டதைத்தான் இவர்கள் தாளில் வரைந்து கண்டார்கள்.

யுத்தம் முடிந்து நியூயோர்க் திரும்பிய கரெல், இந்த உண்மையையும் சாகாத இதயத்தையும் எப்படிப் பொருத்துவது என்று யோசித்திருக்க வேண்டும். 1921 இல் அவரும் எபெலிங்கும் வயது கூடிய கோழிகளின் இரத்தத் திரவத்தில் கலங்களை வளர்த்துப் பார்த்தார்கள். கோழியின் வயது கூடக் கூட, கலங்கள் பெருகும் வேகம் குறைந்தது. எனவே முதுமை இரத்தத் திரவத்தில் இருக்கிறது, கலத்தில் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். பாதி சரி. மற்றப் பாதியை அவர் பார்க்கவில்லை. அவருடைய பாத்திரத்தில் இருந்த கலங்கள்தான் சாகவில்லையே.

வாழத் தகுதியற்றவர்கள் என்று எழுதிய கை

1935 இல் கரெல் மனிதனைப் பற்றிய ஒரு புத்தகம் எழுதினார். பல மொழிகளில் பெருமளவில் விற்பனையானது. அதில் மனிதகுலத்தைத் தரம் உயர்த்த வேண்டும் என்றார். கொடுங்குற்றம் செய்தவர்களையும், குற்றம் செய்த மனநோயாளர் சிலரையும் வாயு மூலம் முடித்துவிடும் நிறுவனங்கள் அமைக்கலாம் என்றும் எழுதினார். அடுத்த வருடம் வந்த ஜேர்மன் பதிப்பின் முன்னுரையில், நாசி அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். சில வருடங்களுக்குள் ஜேர்மனியில் மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளர்களும் ஆயிரக்கணக்கில் வாயு அறைகளுக்குள் கொல்லப்பட்டார்கள்.

ஒரு காலை வெட்டாமல் காப்பாற்ற இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை காயம் கழுவவைத்த மனிதர், ஒரு முழு மனிதரைத் தேவையில்லை என்று எழுதினார். ஒரு காலோடு வாழும் எனக்கு இதை இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை. கலங்கள் என்றென்றும் வாழலாம், பலவீனமான மனிதர்கள் வாழ வேண்டியதில்லை என்று ஒரே மூளை நினைத்திருக்கிறது. சிறந்த கைவண்ணமும் பெரிய பரிசும் ஒருவரை நல்ல நீதிபதி ஆக்கிவிடாது.

1941 இல் ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சில், விஷி அரசாங்கத்தின் ஆதரவோடு மனிதப் பிரச்சினைகளை ஆராயும் ஒரு நிறுவனத்தை நடத்தினார். 1944 ஆவணியில் பரிஸ் விடுவிக்கப்பட்டதும் பதவி நீக்கப்பட்டார். எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற குற்றச்சாட்டு சூழ்ந்திருந்தபோது, கார்த்திகை 5 ஆம் திகதி, 71 ஆவது வயதில் இதயநோயால் இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. பல வருடங்கள் கழித்து பிரான்சில் அவருடைய பெயரிலிருந்த வீதிகள் பெயர் மாற்றப்பட்டன. 1996 இல் லியோனின் மருத்துவ பீடம் ஒன்றும் அவருடைய பெயரை நீக்கியது.

அவர் இறந்த பிறகு, 1946 இல், கோழி இதய வளர்ப்பு நிறுத்தப்பட்டது. 34 வருடங்கள் அது உயிரோடு இருந்ததாகக் கணக்கு.

ஐம்பது தடவைகள்

1961 இல் பிலடெல்பியாவில் லெனார்ட் ஹேய்ஃபிளிக், போல் மூர்ஹெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதக் கலங்களை வளர்த்தார்கள். ஏறத்தாழ 50 தடவைகள் இரட்டித்த பிறகு அவை பெருகுவதை நிறுத்திக்கொண்டன. பராமரிப்பில் பிழையா என்று பார்க்க, பல தடவைகள் பெருகிய ஆண் கலங்களையும் சில தடவைகளே பெருகிய பெண் கலங்களையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வளர்த்தார்கள். கடைசியில் பெண் கலங்கள் மட்டுமே எஞ்சின. ஒரே திரவம், ஒரே பாத்திரம். அப்படியானால் வயது கலத்துக்குள்தான் இருக்கிறது. கரெலின் ஆய்வுகள் வந்த அதே சஞ்சிகை இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வேறொரு சஞ்சிகை வெளியிட்டது.

அப்படியென்றால் கரெலின் இதயம்? ஊட்டமாகச் சேர்க்கப்பட்ட கருச்சாற்றோடு புதிய உயிருள்ள கலங்களும் ஒவ்வொரு தடவையும் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது ஹேய்ஃபிளிக் தந்த விளக்கம். அது தெரிந்து நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய பெயர் அரை நூற்றாண்டுக்கு ஒரு கேள்வியை மூடி வைத்திருந்தது.

கலம் எப்படி எண்ணுகிறது என்பது பின்னர் தெரிந்தது. நிறமூர்த்தங்களின் நுனிகளில் டெலோமியர் என்ற பாதுகாப்புப் பகுதி உண்டு. பாயின் ஓரத்தை மடித்துக் கட்டுவதுபோல, இழை பிரியாமல் அது காக்கிறது. கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் குறுகும். மிகவும் குறுகினால் கலம் பிரிவதை நிறுத்திவிடும். இந்த ஆய்வுக்காக 2009 இல் எலிசபெத் பிளாக்பேர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டக் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் முள்வேலி முகாம்களுக்குள் இருந்த வருடம் அது.

பிரிவதை நிறுத்திய கலம் எல்லாம் செத்துவிடுவதில்லை. பல அங்கேயே இருந்துகொண்டு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. இவைதான் முதுமைக் கலங்கள். இவை முழுக்கக் கெட்டவையும் அல்ல. பழுதான கலம் பிரிவதை நிறுத்துவது புற்றுநோயிலிருந்து எங்களைக் காக்கிறது. புதிய காயத்தில் சில நாட்கள் தோன்றி, ஆறுவதற்கு உதவிவிட்டு மறைகின்றன. இளம் உடலில் நோயெதிர்ப்புத் தொகுதி அவற்றைத் துப்புரவாக்கிவிடும். வயதாகும்போது அந்தத் துப்புரவு தாமதமாகிறது. அவை தங்கிவிடுகின்றன. பக்கத்துக் கலங்களையும் கெடுக்கின்றன. மூட்டுத் தேய்வு, இரத்தக்குழாய் தடிப்பு, ஆறாத புண் போன்றவற்றில் இவற்றின் பங்கு இப்போது ஆராயப்படுகிறது. 2011 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில், விரைவில் முதுமையடையும் வகை எலிகளில் இந்தக் கலங்களை நீக்கியபோது சில முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போயின. மனிதருக்கான மருந்துகள் இன்னும் பரிசோதனையில்தான் உள்ளன. இளமை திரும்பும் என்று முகநூலில் விற்கும் குளிசைகளுக்குக் காசைக் கொடுக்க வேண்டாம்.

எங்களைப் போன்றவர்களைத் தொடும் இன்னொரு ஆய்வும் உண்டு. 2004 இல் கலிபோர்னியாவில், தீராத நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரின் இரத்தக் கலங்கள் பார்க்கப்பட்டன. எத்தனை வருடங்கள் அந்தச் சுமையைச் சுமந்தார்களோ, அந்தளவுக்கு டெலோமியர் குறுகியிருந்தது. 58 பெண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. இதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரக் கொட்டகைகளில் வருடக்கணக்கில் இருக்கும் அம்மாமாரை நினைக்காமல் அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

வைகாசி 18 அன்று என் புண் முழுவதும் மூடியிருக்கவில்லை. செயற்கைக் காலைப் போடாமல் ஊன்றுகோலோடு முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். வருடா வருடம் காணும் முகங்கள். அன்று இளைஞர்களாகக் காயப்பட்டவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கிறது. ஒருவருக்குக் கால் மெலிந்து செயற்கைக் கால் தொளதொளக்கிறது. ஒருவருக்கு உள்ளே விட்டுவைத்த செல் துண்டு இப்போதுதான் நோகத் தொடங்கியிருக்கிறது. இன்னொருவருக்குச் சீனி வருத்தமும் சேர்ந்துவிட்டது. பக்கத்துப் பங்கரின் பையனும் வந்திருந்தான். அவனுக்கு இப்போது 27 வயது. கையில் தழும்பு மட்டும்தான் இருக்கிறது.

யுத்தம் முடிந்த கையோடு காலும் சக்கர நாற்காலியும் தந்தார்கள். ஒரு தடவை தந்தால் கணக்கு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். கலங்கள் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. காயத்துக்கும் வயது ஏறுகிறது. காயப்பட்டவர்களுக்கு 20 வயதில் தேவைப்பட்ட வைத்தியம் வேறு, 50 இல் தேவைப்படும் வைத்தியம் வேறு. ஒழுங்கான புண் பராமரிப்பும், அளவு பார்த்து மாற்றும் செயற்கைக் காலும், சீனி, பிரஷர் பரிசோதனையும், புரதமுள்ள சாப்பாடும் இனித்தான் கூடுதலாகத் தேவை. இதைக் கேட்பது பிச்சை அல்ல.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ ஒரு புண் இரண்டு கிழமைகளுக்கு மேல் ஆறாமல் இருந்தால், வழமையானதுதானே என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். நான் ஒரு மாதம் விட்டுவிட்டுத்தான் போனேன். வைகாசி முடியும்போது என் புண் மூடியது. இப்போது ஒவ்வொரு இரவும் காலைக் கழற்றியதும் கண்ணாடி பிடித்து முனையைப் பார்க்கிறேன்.